நாலரை அங்குலம்

நகோயாவிலோ வேறெங்கோ இருந்து
இந்தக் காரை வரைந்தவருக்கு:

பற்றரியை எங்கே வைப்பதென்று
எத்தனை நாள் யோசித்தீர்களோ, தெரியாது.
கடைசியில் டிக்கிக்குக் கீழே வைத்தீர்கள்.
தரை நாலரை அங்குலம் மேலே வந்தது.

அளந்தேன்,
கேக் பெட்டி அளக்கிற அதே நாடாவால்,
உப்புவெளியில் எங்கள் கேற்றடியில்,
வாங்கின அன்றல்ல,
மூன்றாம் நாள்,
காசு முழுக்கக் கட்டிமுடித்த பிறகு.

எனக்குத் தொழில் கலியாணக் கேக்.
மூன்று தட்டு, பெட்டியோடு இருபத்திரண்டு அங்குலம்.
பழைய வான் அதை விழுங்கிவிட்டு
இன்னும் இருக்கா என்று கேட்கும்.
பெற்றோலையும் அப்படித்தான் கேட்டது.
இருபத்திரண்டாம் ஆண்டு ஒரு பகல் முழுக்க
வரிசையில் நின்றேன்.
பின்னால் பட்டர் ஐசிங் ரோஜாக்கள்
ஒவ்வொன்றாய் இறங்கி வந்தன,
வெயிலுக்குப் பயந்த பிள்ளைகள் மாதிரி.
அன்றைக்கு நினைத்தேன்:
சுவரில் செருகினால் ஓடுகிற ஒன்று வேணும்.

செருகலாம்.
ஓவன் எரியாத நேரம் மட்டும்.
இரண்டும் ஒன்றாய்க் குடித்தால்
ட்ரிப் சுவிட்ச் விழும்,
வீடு இருட்டும், ஸ்பொன்ஞ் அமுங்கும்.

ஸ்பெயார் டயரும் இல்லை.
அது படுக்கிற குழியில்தான் உங்கள் பற்றரி.
பதிலுக்கு ஒரு போத்தல் பசை,
சைக்கிளுக்குக்கூடக் காணாத ஒரு பம்ப்.
கிண்ணியாவில் ஹில்மி கம்பளத்தைத் தூக்கிக் காட்டினான்:
செம்மஞ்சள் வயர்கள், கேசரி நிறம்.
"இதுல மட்டும் கை வெச்சிராதீங்க அக்கா."
பின் சீற்றோரம் அது மூச்செடுக்கும் துவாரம்.
ஐசிங் சீனி மூட்டையை அதன் வாயில் சாத்தி
சீனக்குடா தாண்டும்போது
முன்னால் ஒரு விளக்கு கோபத்தில் எரிந்ததை
நான் அவனுக்குச் சொல்லவில்லை.

உங்களில் முழுக்கக் கோபமும் இல்லை.
என் பெரிய ஃபிரிட்ஜ் படுக்கையறையில் நிற்கிறது.
வேறெங்கே வைப்பது?
என் மனிசன் அதன் பக்கம் கால் நீட்டி
அதன் உறுமலில் தூங்கப் பழகிவிட்டார்.
இடம் என்பது யாரோ ஒருவர் ஒதுங்கிப் படுப்பது.
நீங்களும் யாரையோ ஒதுக்கித்தான் வைத்திருப்பீர்கள்.
அது நான் என்று
உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

போன சனி மூதூருக்கு ஒரு கேக்.
கீழ்த்தட்டு இரண்டும் டிக்கியில்.
மேல்தட்டு கெசியாவின் மடியில்,
அவள் மூச்சையே எண்ணி எண்ணி விட்டாள்.
நகரசபை முன்னால் ஒரு மான்,
நம்மூர் மான், ஹோர்னுக்கு ஒதுங்காதது,
றோட்டை நிதானமாய்க் கடந்தது.
பிரேக்.
எங்கள் நெஞ்சு முன்னே போனது.
கேக் போகவில்லை.
கீழே கிடக்கிற பாரம்தான் பிடித்தது என்கிறான் ஹில்மி.
தட்டுக்கடியில் நான் விரித்த ஈரத் துவாய் என்கிறேன் நான்.

கிண்ணியாப் பாலத்தின் நடுவில் கரண்ட் தீர்ந்தது.
சத்தமில்லாமல் வந்த கார் திடீரென்று கனைத்து
எஞ்சின் விழித்தது.
கெசியாவின் மடியில் சர்க்கரைப் பூவொன்று
ஒருமுறை அசைந்து நின்றது.
இரண்டு பக்கமும் தண்ணீர்.
நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

ஹோலில் தட்டுகளை அடுக்கி
வெடிப்பு ஒன்றை ரிபனால் மூடினேன்.
மணப்பெண்ணின் தாய் கண்டார்.
கண்டதாகக் காட்டவில்லை.

இப்போது டிக்கி மூடியின் உட்பக்கம்
மார்க்கரால் எழுதியிருக்கிறேன்: பதினேழரை.
கேக் கேட்டு வருகிற பெண்களைக்
கொப்பியின் படங்களைக் காட்டமுதல்
கேற்றடிக்குக் கூட்டிப்போகிறேன்.
மூடியைத் தூக்குகிறேன்.
இவ்வளவுதான் உயரம், பிள்ளை.
அகலத்துக்கு எவ்வளவும் போகலாம்.

சிலர் சிரிக்கிறார்கள்.
ஒருத்தி நேற்று உள்ளே குனிந்து
கையால் சாண் போட்டுப் பார்த்தாள்,
என் நாடாவை நம்பாமல்.
அவளுக்கு நான் நல்ல கேக் செய்வேன்.