பெட்டியில் என்ன இருந்தது

மூன்றாவது முறையாகக் கேட்கிறார் அபூ மித்அப்.
துப்பாக்கி தொடைமேல் குறுக்காகக் கிடக்கிறது.
மிரட்டுவதற்கில்லை, அவர் உட்காரும் விதமே அப்படி.
"வண்டி ஓட்டினவன் நீ. சொல்.
பெட்டியில் என்ன இருந்தது?"

ஹாயிலுக்குத் தெற்கே, தார் முடிந்து
இன்னும் முப்பது கிலோமீட்டர்.
வேலமரக் கிளையில் கம்பி கட்டித் தலைகீழாய்
ஓர் ஓநாய். பதினோரு நாளாகிறது.
காற்றடித்தால் தகரம் மாதிரித் தட்டுகிறது.
ஒரு காது பாதிதான்.
எண் குத்திய வில்லையை அறுத்தெடுத்த இடம் என்கிறார் இவர்.
பழைய சண்டையில் கிழிந்தது என்கிறது இலாகா.
கிட்டப் போய்ப் பார்த்தேன்.
காது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"என் அப்பன் கடைசி ஓநாயைச் சுட்ட வருஷம்
எனக்குப் பால்பல் விழுந்தது.
அப்புறம் இந்தப் பக்கம் ஊளை கேட்டவன் கிடையாது.
வேலி போட்டார்கள். பலகை நட்டார்கள்.
ஹுபாராவைத் தொடாதே என்றார்கள், சரி என்றோம்.
முயலுக்கும் சீட்டு வாங்கு என்றார்கள்,
அதற்கும் வரிசையில் நின்றோம்.
பிறகு ஒரே ராத்திரியில் ஏழு ஆடு.
தானாக வந்ததாம்!
எங்களை இங்கிருந்து கிளப்ப அவர்களுக்குப்
போலீஸ் எதற்கு, இது போதாதா?"
சுற்றி இருந்த எட்டுப் பேரும்
காவாக் கிண்ணத்துக்குள் தலையாட்டினார்கள்.

போன வாரம் இலாகாப் பையன் தலால் வந்தான்.
கையில் டேப்லட், உதட்டில் வெடிப்பு.
"மான் விட்டோம். மான் இருந்தால் அது வரும்.
மலையிலிருந்து நடந்தே வரும்,
அதற்கு யார் விசா அடிக்க வேண்டும்?"
சிரித்தான். நான் சிரிக்கவில்லை,
என் இகாமா முடிய நாற்பது நாள்.
வண்டியில் ஏறப்போனவன் திரும்பி வந்து
குரலைத் தாழ்த்தினான்:
"பாரம், நீ திறந்து பார்க்கவில்லையே?"

பரமதயாளன் என்று வைத்தார்கள். இங்கே பாரம்.
லாரிக்காரனுக்குப் பொருத்தம்தான்.
அவன் கேட்ட விதத்தில் தெரிந்தது,
அவனுக்கும் மேலே இருப்பவர்கள் சொல்லவில்லை.

தை மாசக் குளிர். பன்னிரண்டு பெட்டி, மேலே தார்ப்பாய்.
மெதுவாகப் போ, பிரேக்கை அழுத்தாதே, பாட்டுப் போடாதே.
ரசீதில் பன்னிரண்டு என்ற எண் மட்டும்தான்
எனக்குப் படிக்கத் தெரிந்தது.
பெட்ரோல் பங்கில் நிறுத்திக் கயிற்றை இறுக்கினேன்.
ஒன்பது பெட்டியில் குளம்பு தட்டியது.
மூன்றில் சத்தமே இல்லை.
காலியாக இருக்கலாம்.
ஊசி போட்டுத் தூங்கவைத்த மானாகவும் இருக்கலாம்.
மான் வாசனை எனக்குத் தெரியாது, ஓநாய் வாசனையும்.
நனைந்த சாக்கின் வாசனை தெரியும். அது அடித்தது.

அந்தப் பங்கில் ஐந்து தெருநாய்.
என் லாரிச் சத்தம் கேட்டாலே குபூஸுக்கு ஓடி வரும்.
அன்றைக்கு மேட்டைவிட்டு இறங்கவில்லை.
போட்ட ரொட்டி போட்ட இடத்தில்.

ஒப்படைத்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.
பெயருக்குக் கீழே தமிழில், பொடியாக,
'உள்ளே பார்க்கவில்லை' என்றும் எழுதினேன்.
அதன்மேலேயே முத்திரை குத்திக்
கோப்பில் சொருகினான் ஒருவன்.

காவா ஆறிவிட்டது.
"மான்" என்றேன்.
"எல்லாவற்றிலுமா?"
கிளையில் தட்டியது.
"பன்னிரண்டு பெட்டி" என்றேன்.
அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்,
பார்த்தீர்களா என்பதுபோல.
நாளைக்குத் தலால் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.
அவனும் நிம்மதியாக,
பார்த்தீர்களா என்பதுபோலத் திரும்புவான்.

வரும் வழியில் பங்கில் நிறுத்தினேன்.
குபூஸைப் பிய்த்துப் போட்டேன்.
நாய்கள் வந்தன.
நாலு.