மூன்று போக

காலை ஐந்தே கால். ஏலத்துக்கு நாற்பது நிமிடம்.
ஹ்ராப்னவிக் துறைமுகத்தில் காற்று
பனியைப் படுக்கைவசத்தில் வீசுகிறது.
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
ஹ்யால்டி என் அறை வாசலில்:
"சிகுர்லீனா ரேடியோவில் கத்துகிறாள்.
நாலரை டன் காட் மீன்.
பலகையில் ஒரு வரி இல்லை."

பதிவேட்டில் ஒரே வாக்கியம், நொடிக்கு முப்பது தடவை:
திறந்த கோப்புகள் அதிகம்.
திறந்த கோப்புகள் அதிகம்.

ஆயிரத்து இருபத்து நான்கு.
இந்தச் செயலிக்கு அளந்த படி அவ்வளவுதான்.
அதிலும் முதல் மூன்று பிறக்கும்போதே போய்விடும்:
கேட்க ஒன்று, சொல்ல ஒன்று,
புலம்ப ஒன்று.
மூன்று போக மீதியில்தான் உலகம்.
கோப்பும் கோப்பு, படகின் அழைப்பும் கோப்பு,
மறுமுனையில் விறைத்த விரலோடு
பொத்தானை அழுத்தும் சிகுர்லீனாவும்
ஓர் எண்.

கடலில் இருப்பதோ முப்பத்தேழு படகு.

மென்வரம்பை அவரவரே ஏற்றிக்கொள்ளலாம்,
வன்வரம்பு வரை.
அதற்கு மேல் ரூட் வேண்டும்.
ரூட் நான்தான். இன்னும் காபி குடிக்காத ரூட்.
ஷெல்லில் யுலிமிட் அடித்துவிட்டு
மாறிவிட்டதென்று நம்பிய காலம் எனக்கும் உண்டு;
ஏற்கெனவே ஓடுகிற செயலியின் காதில் அது விழாது.
இன்று அதன் எண்ணைச் சொல்லி
நேராக ஏற்றினேன், அறுபத்தையாயிரத்துச் சொச்சம்.
பலகையில் நாலரை டன் வந்து நின்றது.

"சரியாயிற்றா?"
"இல்லை. ஓடுகிறது."

அவர் போனபின் பட்டியல் எடுத்தேன்,
எதையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று.
புயலில் அழைப்பு பாதியில் அறுந்தால்
திறந்தது திறந்தபடியே.
செப்டம்பரில் நான் எழுதிய வரி.
திறந்திருக்கிறேன்.
மூடவில்லை.

ஏலம் முடியட்டும்.
மூட வேண்டிய இடத்தில் மூடு என்று எழுதி
அணைத்து எழுப்பிவிட்டு
வரம்பைப் பழைய இடத்துக்கே இறக்குவேன்.
அறுபத்தையாயிரம் கொடுத்திருந்தால்
இன்று யாரும் கத்தியிருக்க மாட்டார்கள்,
ஓட்டை மட்டும் அமைதியாக வளர்ந்திருக்கும்.

பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டாவது: லோவா.
அக்டோபரில் பழைய இரும்புக்குப் போன படகு.
அதன் கோப்பை நானே நீக்கினேன்.
பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்றுகூடப் போட்டிருக்கிறது.
ஆனால் பிடித்த கை விடவில்லை,
வட்டு அந்த இடத்தைத் திரும்பப் பெறவில்லை.

ஏழு மணிக்கு அணைப்பேன்.
அதுவரை லோவா
எங்கள் கணக்கில் கடலில்தான் இருக்கிறது,
மீன் ஏதும் சொல்லாமல்.