வியாழக்கிழமை, மூன்றாம் மாடி

பாட்ஸ்ஃபியூர் மீன் ஆலையில்
முப்பத்தொரு வருடம்
பனிக்கட்டிக்குள் கைவிட்டுக்
காட் மீனின் குடலை உருவியவள் டோர்பியோர்க்.
இப்போது
குளிர்பெட்டிக் கைப்பிடியைத் தொட்டால்
ஷாக் அடிக்கிறது.
பால் எடுக்க
அடுப்படிக் கையுறை வேண்டியிருக்கிறது.

பெருங்குடலில் இருந்ததை அறுத்தாயிற்று.
எங்காவது ஒரு துளி ஒளிந்திருந்தால் என்று
பதினைந்து நாளுக்கொருமுறை
ஏற்றுகிற மருந்து
விரல் நுனிகளையும் பாதங்களையும்
பாக்கிக்கு ஈடாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

எய்லிஃப் முதலில் ரத்த அறிக்கையைப் பார்த்தான்.
அணுக்களை எண்ணிய பிறகே
ஊசிப் பொட்டலத்தைப் பிரித்தான்.
"இது புற்றைத் தொடாது.
அதற்கு கீழ்மாடி மருந்துதான்.
இது குமட்டலுக்கு.
முடிந்தால் கொஞ்சம் தூக்கத்துக்கு."
மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் தள்ளி
இரண்டு தசைநார்களுக்கு நடுவே
மெல்லத் தட்டினான்.

"மீனுக்கும் இப்படி இடங்கள் உண்டா?"
"தெரியாது. எந்த மீனும் என்னிடம் வந்ததில்லை."

ஊசிமுனையில் நின்று தவம் செய்வார்கள் என்பது கதை.
இங்கே இருபது நிமிடம்
ஊசிகள் அவள்மேல் நின்று தவமிருந்தன.
ஜன்னலில் பகல் பதினொரு மணி இருட்டு.
பனி வாரும் வண்டி
போவதும் வருவதுமாக.

வரமென்று பெரிதாக ஒன்றுமில்லை.
திரும்பும் பேருந்தில்
வாந்திப் பை
மடித்தது மடித்தபடியே இருந்தது.

ஐந்தாவது வியாழன்.
இடது கால், பெருவிரலுக்கு அடுத்த பள்ளம்.
"ஆ!"
"மன்னியுங்கள், வலித்துவிட்டதா?"
அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள்.
"எடுக்காதே. எங்கே குத்தினாய், காட்டு.
எடுக்காதே என்கிறேன்."

ஊசியாலா என்று கேட்டாள்.
இருக்கலாம் என்றான் எய்லிஃப்.
போன மாதம் மருந்தின் அளவைக் குறைத்தார்களே,
அதனாலும் இருக்கலாம்.
பொய் சொல்லத் தெரியாத பையன்.

விரல்கள் இன்னும் திரும்பவில்லை.
சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டது நர்ஸ்தான்.

வாசலில், வழுக்காமலிருக்க
பனிமேல் சரளை தூவியிருந்தார்கள்.
பத்தடி நடந்ததும்
இடது பூட்ஸுக்குள் ஏதோ உறுத்தியது.
பயறளவு கல்.
இன்று விழுந்ததோ,
எத்தனை வாரமாய் உள்ளேயே கிடந்ததோ.

குனிந்து உதறியிருக்கலாம்.
பேருந்து வர
ஒன்பது நிமிடம் இருந்தது.
நிறுத்தத்தைத் தாண்டி
இன்னும் கொஞ்சம்
அதை மிதித்தபடியே நடந்தாள்.