அட்டையில் ஒரு சொட்டு

முதலில் ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும்,
சூடேறினால்தான் எண்ணெய் மனமிரங்கி இறங்கும்.
டூலூத்தில் அக்டோபர்.
ஏரியைக் கடந்து வரும் காற்றுக்கு
என் கராஜ் கதவெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

ஸ்பானரை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பது
மல்லாந்து படுத்ததும் மறந்துபோகிறது.
கழன்றது.
முழங்கைவரை கறுப்பு வழிந்தது
சுடச்சுட.

ஆர்வோ இருந்திருந்தால்
கையைப் பிடித்திருப்பான்.
"இருபது வருஷம் ஒரே எண்ணெயைக் குடித்த வண்டி.
சிந்தெடிக் ஊற்றினால்
கிளட்ச் வழுக்கும், சீல் ஒழுகும்,
அப்புறம் என்னிடம் வந்து நிற்காதே."
விவாகரத்துக்கு வெகுமுன்பே
சொல்லிவைத்துவிட்டுப் போன வாக்கியம்.
கோர்ட்டில் அவனுக்குப் படகு,
எனக்கு இந்தப் பழைய யமஹா.
ஜட்ஜ் இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்தார்.

கடையில் டெல்ஃபின்
டப்பாவைத் திருப்பி முதுகைக் காட்டினாள்:
"இந்த முத்திரை இருந்தால் கிளட்ச் வழுக்காது.
சீலுக்கு நான் சத்தியம் செய்ய மாட்டேன்."
விலையைப் பார்த்தேன்.
திரும்ப அலமாரியில் வைத்தேன்.
இரண்டு வரிசை தள்ளிப்போய்
திரும்பி வந்து எடுத்தேன்.

புது எண்ணெய்
தேன் நிறம் என்று எழுதக் கை வருகிறது.
அப்படியெல்லாம் இல்லை.
புனலில் ஏதோ அசைந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் விடிகாலை பூஜ்யத்துக்குக் கீழே நான்கு.
தாதுக் கப்பல் ஒன்று காத்திருந்தது,
ஆறு மணி ஷிஃப்ட்.
மூன்று உதை வாங்கி, இருமி, முனகி
எழுந்திருக்கும் வண்டி
ஒரே உதையில் நின்றுகொண்டது.
மெசாபா ஏற்றத்தில் கிளட்ச்
வழுக்கவேயில்லை.
ஹெல்மெட்டுக்குள் உரக்கச் சிரித்தேன்,
கண்ணாடி பனித்து
சிக்னல் தெரியாமல் போயிற்று.

ஒன்பதாம் நாள்
அடியில் விரித்த அட்டையில்
ஒரு சொட்டு.

ஃபோனை எடுத்தேன்.
'நீ சொன்னது சரி, ஆனால்'
என்பதுவரை அடித்து
ஆனாலுக்குப் பிறகு என்னவென்று தெரியாமல்
வைத்துவிட்டேன்.

கியர் தண்டின் சீலை நெம்பி எடுத்தபோது
பிஸ்கட்டாக உடைந்தது கையில்.
இத்தனை வருஷமும் அது அடைக்கவில்லை.
சுற்றிலும் படிந்த கசடுதான்
அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
புதியது வந்து கழுவிவிட்டது.
ஓட்டை
அவன் காலத்திலிருந்தே இருந்திருக்கிறது,
என் காலத்திலும்தான்.

புது சீல் ஆறு டாலர் நாற்பது.
பொருத்த இருபது நிமிடம்,
தரையில் உருண்டுபோன போல்ட்டைத் தேட
ஒரு மணி நேரம்.

சனிக்கிழமை பழைய எண்ணெயைப்
பால் கேனில் ஊற்றி
கழிவு மையத்துக்குக் கொண்டுபோனேன்.
கையுறை போட்ட பையன்
மூடியைத் திறந்து முகர்ந்து கேட்டான்:
"வேறு ஏதாவது கலந்திருக்கிறதா?"

கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.
பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது.

"எண்ணெய் மட்டும்தான்" என்றேன்.