மூலைக்காவல்

எங்கள் கூட்டத்தில் சட்டம் ஒன்றே ஒன்று:
பாதை பிரியும் இடத்தில்
முன்னால் போகிறவருக்கு அடுத்த ஆள் நிற்க வேண்டும்,
கடைசி வண்டி கண்ணில் படும்வரை.
மழையோ வெயிலோ மூத்திரம் முட்டுகிறதோ,
நின்றே ஆக வேண்டும்.

கோபாரைத் தாண்டி நூற்றுச்சொச்சம் கிலோமீட்டர்.
தார்ச்சாலையிலிருந்து செம்மண் தடம் ஒன்று
தெற்கே கழன்று போகிறது.
மெர்வ் கையைத் தாழ்த்தி மண்ணைக் காட்டினான்.
நான் ஓரம் கட்டினேன்.
ஸ்டாண்டு புதையாமலிருக்க
நசுங்கிய பியர் டப்பா ஒன்றை அடியில் வைத்தேன்.

நரெல் போனாள், இரண்டு விரல் தூக்கி.
டிபோர் போனான், தலையைக்கூடத் திருப்பாமல்;
காலையில் கூடார முளைக்காக ஒரு சண்டை.
இன்னும் ஒருவன் பாக்கி.
டென்ஹோம்.

எஞ்சின் டிக் டிக்கென்று ஆறி
அதுவும் ஓய்ந்தது.
ஈக்கள் வந்தன,
கண்ணோரத்து ஈரத்துக்கு.
செத்த கங்காருவின் மேல் உட்கார்ந்திருந்த கழுகு
என்னை ஒருமுறை பார்த்தது,
அவசரமில்லை என்பதுபோல்.
மூன்று பெட்டி இழுத்துக்கொண்டு ஒரு லாரி
அடித்துவிட்டுப் போன காற்றில்
ஹெல்மெட் உருண்டது. எடுத்து வைத்தேன்.
நாற்பது நிமிஷம்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்,
வராத பிள்ளைக்காக இவ்வளவு நேரம்
ஒரு நிறுத்தத்திலும் நின்றதில்லை.

நாயும் வேலிக்கம்பியும் ஏற்றிய வண்டியில்
ஒருத்தி வந்து கண்ணாடி இறக்கினாள்.
"தண்ணி இருக்கா?"
"இருக்கு."
"உங்க ஆள் ஒருத்தன் பதினோரு கிலோமீட்டர் பின்னால
ரோட்டோரம் உக்காந்திருக்கான்.
என்னாச்சுன்னு கேட்டேன்.
கணக்குப் போடுறேன்னான்."

சட்டத்தை யோசித்தேன்.
கழுத்து மஞ்சள் துணியை அவிழ்த்து
வேலிக்கம்பத்தில் கட்டிவிட்டு
வண்டியைத் திருப்பினேன்.

செத்துக் கிடக்கவில்லை.
பெட்ரோல் இருந்தது, டயரில் காற்று இருந்தது.
வண்டிக்கு எதிரே சம்மணமிட்டு
மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான் அறுபத்து நாலு வயது டென்ஹோம்.

ஐந்தே இலக்கம் காட்டும் பழைய மீட்டர்.
நாற்பது வருஷம் ஓட்டியிருக்கிறான்.
ஒன்பதுகள் ஐந்தும் வரிசையில் நிற்கும்போது
படம் பிடிக்கவென்று ஒரு கேமரா,
அதற்குப் புது பேட்டரி,
வழியெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தே வந்தானாம்.
நேரம் பார்த்து ஈமுக் கூட்டம் குறுக்கே ஓடியிருக்கிறது,
அப்பனும் ஏழு குஞ்சும்.
பிரேக், சறுக்கல், வசவு.
நிமிர்ந்து பார்த்தால்
00002.

"அதுக்கு?"
"திரும்பிப் போய்ப் பார்த்தேன், நோரீன்.
வந்த வழியே."
"பின்னால போனா குறையும்னா?"
"குறையாதுன்னு தெரியும்."

மீட்டரில் 00009.

பக்கத்தில் உட்கார்ந்தேன்.
அதிமதுர மிட்டாய் ஒன்று கொடுத்தான்.
வெயிலில் இளகி உறையோடு ஒட்டியிருந்தது,
உறையையும் கொஞ்சம் தின்றேன்.
அடுத்த மாதம் இடுப்பு அறுவை,
அதன்பின் டாக்டர் என்ன சொல்வாரோ.
அதை அவன் பேசவில்லை.
வாங்கிய அன்று தலை நிறைய முடி இருந்தது,
ஹெல்மெட்டுக்குள் அடங்காது என்றான்.

நாங்கள் போய்ச் சேரும்போது
பப்பில் அடுப்பை அணைத்துவிட்டார்கள்.
சிப்ஸ் பொட்டலம்தான் சாப்பாடு.
மெர்வ் கத்தினான்:
மூலையை விட்டு நகரலாமா,
சட்டம் என்று ஒன்று எதற்கு,
நாங்கள் செத்தீர்களா பிழைத்தீர்களா என்று...
நரெல் அவன் கையில் கிளாஸைத் திணித்தாள்.
டிபோர் ஏனோ என்னிடம் முளையை நீட்டினான்.

பிறகு மெர்வ் வெளியே போனான்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
டென்ஹோமின் வண்டி முன் மண்டியிட்டு
மீட்டர் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தான்.
"அறுபத்தொண்ணு," என்றான் உள்ளே வந்து.
"ரன்னிங் இன்னும் முடியல. மெதுவா ஓட்டு."

படுத்த பிறகுதான் நினைவு வந்தது,
மஞ்சள் துணி இன்னும் அந்தக் கம்பத்தில்.
கிடக்கட்டும்.
அதைப் பார்க்கும் யாராவது
அங்கே யாரோ நிற்கிறார்கள் என்று
கொஞ்சம் வேகம் குறைப்பார்கள்.