எந்த வெள்ளை

சுவரில் இரண்டு சதுரங்கள்.
இடப்பக்கம் முட்டையோடு,
வலப்பக்கம் கழுவின அரிசி.
பெயர்கள் நான் வைத்தவை;
டின்னில் வெறும் இலக்கம்தான்.

ஒன்பது நாளாயிற்று.
காலையில் முட்டையோடு பிடிக்கிறது.
நாலரைக்கு, மருதானை ரயில் கடலோரம் தடதடக்கையில்
அரிசியில் லேசாக மஞ்சள் ஏறுகிறது,
மனம் மாறிவிடுகிறது.
வாகீசனுக்கு இரண்டும் ஒன்று.
"சுகமில்லாத ஆளின்ர நகம் மாதிரி" என்றான்.
எதைச் சொன்னாய் என்றால் தெரியாதாம்.
அக்காவுக்குப் படம் அனுப்பினேன்.
"வெள்ளவத்தையில வெள்ளைக்கோ பஞ்சம்?"

சுமித் பாஸ் ரோலரைத் தண்ணீரில் போட்டுவிட்டு
பிளேன்ரீ குடிக்கிறார்.
"உப்புக்காத்துக்கு எல்லாம் ஒண்டுதான் மிஸ்.
ரெண்டு வருசத்தில திரும்ப என்னைக் கூப்பிடுவீங்க."

நேற்றுத்தான் கவனித்தேன்:
கடற்பக்கத்து வளவில்
எங்கள் ஜன்னல் உயரத்துக்குக் கம்பி கட்டுகிறார்கள்.
தை பிறந்தால் இந்த அறைக்குக் கடல் இல்லை.
வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுத்தான்
இங்கே வரும்,
கைமாற்றாக.

இறங்கிப்போனேன்.
தகர வேலிக்கு இந்தப் பக்கம் நின்று
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்
காவலாளியைக் கேட்டேன்,
முடிந்தபிறகு என்ன நிறம் அடிப்பார்கள் என்று.

"சுது" என்றான். வெள்ளை.

எந்தச் சுது?

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.
அண்ணாந்து, இன்னும் எழும்பாத சுவரைப் பார்த்து
உண்மையாகவே
யோசிக்கத் தொடங்கினான்.