உறவுமுறை என்ற கட்டம்

சிவகங்கை அலுவலகத்தில்
மின்விசிறி சுழன்றது, காற்று மட்டும் விடுப்பில்.
"பையனா, பொண்ணா?" என்றார் கிருபாவதி மேடம்,
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.
"யாரு காலேஜ்ல சேர்ந்திருக்கிறது?"
நான்தான் என்றேன்.
என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்,
நான் என்று இன்னொருவன் நிற்கிறானோ என்று.

வயது நாற்பத்திரண்டு.
சிக்னல்ஸில் இருபத்துமூன்று வருடம், ஹவில்தார்.
காரைக்குடியில் இளங்கலை புவியியல், முதலாமாண்டு,
வருகைப் பதிவேட்டில் கடைசி எண்:
சேவுகப்பெருமாள், அ.
பெயர் கூப்பிட்டால் "சார்" என்று
கட்டடம் அதிரச் சொல்லிவிடுகிறேன்.
பிள்ளைகள் சிரிக்கின்றன.
பேராசிரியர் பேசி நிறுத்தியதும்
"ஓவர்" வருமா என்று
காது இன்னும் காத்திருக்கிறது.

சலுகைப் படிவத்தில் மூன்று கட்டம்.
மகன். மகள். விதவை.
மேடம் பேனா மூடியால்
ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார்.
"உங்களுக்குன்னு எதுவும் இல்லையே சார்."
அவர் மேல் தப்பில்லை.
ஒரு மார்ச் மாதம், தவாங்குக்கு மேலே,
ஏரியல் கம்பம் நடப் போன ஆறு பேரில்
பனி எடுத்துக்கொண்டது வேறு இரண்டு பேரை.
என்னை எடுத்திருந்தால்
பொன்னழகுக்கு ஒரு கட்டம் தயார்,
அச்சடித்து, ஓரம் நேராக.
திரும்பி வந்தவன்தான்
அச்சகத்தின் கணக்கில் வரவில்லை.

இதை நான் சொல்லவில்லை.
டீ ஆறிப்போனது.

பிறகு அவரே ஸ்கேல் தேடி, கிடைக்காமல்,
ரசீதுப் புத்தகத்தின் விளிம்பை வைத்து
நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தார்.
கொஞ்சம் கோணல்.
உள்ளே எழுதினார்: தானே.
"மேலே ஒத்துக்கிட்டா வரும்.
வந்தாலும் பொங்கலுக்கு அப்புறம்தான்."

பொங்கல் வரை எங்கே படுப்பது?
விடுதியில் வயது வரம்பு இருபத்தைந்து.
வார்டன் என்னைவிட இளையவர்,
எழுந்து நின்று, மரியாதையாகத்தான் மறுத்தார்.
கழனிவாசலில் ஒரு மாடி அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை.
"பேச்சிலருக்குத் தர்றதில்லை."
குடும்பம் இருக்கிறது என்றேன்.
"கூட்டிட்டு வருவீங்களா?"
இல்லை.
"அப்ப பேச்சிலர்தானே."
மிலிட்டரி என்றதும் முகம் மலர்ந்தது,
கேன்டீன் சரக்கு பற்றி மெதுவாகக் கேட்டார்.
நான் வாங்குவதில்லை என்றேன்.
மலர்ந்தது பாதியில் நின்றது.
ஆனாலும் சாவி தந்தார்:
மூவாயிரத்து ஐந்நூறு, கரண்ட் தனி.

சிங்கம்புணரியில் சொந்த வீடு
லிண்டல் மட்டத்தில் நிற்கிறது.
கடன் மட்டும் மொட்டைமாடி வரை எழும்பிவிட்டது.

நேற்று வகுப்பில் சம உயரக் கோடுகள்.
கோடுகள் நெருங்க நெருங்கச் சரிவு செங்குத்து.
என் மூச்சு இதை முன்பே படித்ததுதான்.
இருந்தும் பென்சிலால் போட்டுப் பார்த்தபோது
அந்த மலை
இவ்வளவு சின்னதாக, இவ்வளவு சுத்தமாக,
யாரும் இல்லாமல் இருந்தது.
பக்கத்து பெஞ்சு ரெஜினா
"அங்கிள், ரப்பர் இருக்கா?" என்றாள்.
இருந்தது.

கல்லூரிக்கு இன்னொரு தாள் பாக்கி.
பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்
இல்லாவிட்டால் செல்லாதாம்.
அப்பா போய்ப் பதினோரு வருடம்.
ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூர் வழி பஸ் ஏறினேன்.
பொன்னழகு கையைத் துடைத்துக்கொண்டு பேனா வாங்கினாள்.
எந்த இடத்தில் என்று கேட்கவில்லை.
நான் எங்கெங்கோ இருந்த வருடங்களில்
இரண்டு பிள்ளைகளின் ரேங்க் கார்டு,
சுற்றுலா ஒப்புதல், தடுப்பூசிச் சீட்டு.
அந்தப் புள்ளிக்கோடு தாளில் எங்கே கிடக்குமென்று
அவள் கைக்குத் தெரியும்.

'உறவுமுறை' என்ற இடத்தில் மட்டும்
பேனா கொஞ்சம் நின்றது.
மனைவி, என்று எழுதினாள்.
இன்னொரு முறை படித்துப் பார்த்தாள்.
மடித்து என் சட்டைப் பையில் வைத்து,
"மார்க் வந்ததும் எங்கிட்ட காட்டணும்" என்றாள்,
சிரிக்காமல்.